பழவித்தும் பக்குவமும்

வன்னி நாட்டின் ஊர்ப்பெயர்கள் பலவற்றிலே பழமரங்கள் இடம்பெற்றுள்ளன. மாங்குளம், புளியங்குளம், பனங்காமம், இலுப்பைக்கடவை என்பன அவற்றுட் சில. இன்றும் பூநகரிப் பிரிவிலுள்ள ஜெயபுரத்தையும் அதன் அயற்கிராமங்களையும் சுற்றி நோக்குவார்க்கு, வளவிலே மாவும் பப்பாசியும், வெளியிலே பனையும் புளியும், காட்டிலே பாலையும் நாவலும் காட்சியளிக்கும். பழம் மலியும் காலத்திலே பழத்தை உண்கிறோம், கொட்டையை எறிகிறோம். எறிந்த கொட்டைகள் வேலியோரத்திற் குவிந்து, வெயிலிற் காய்ந்து, மழையில் அழுகி ஒழிகின்றன. உணவின் விலை உயர்ந்து, பல இல்லங்களிற் பிள்ளைகளின் ஊட்டம் குறைந்துள்ள இக்காலத்தில், இக்கொட்டைகளுள் உணவாதற்குரிய பொருள் உண்டா என்பதும், உண்டெனின் அதனை எங்ஙனம் பெறலாம் என்பதும் ஆராயத்தக்க வினாக்களாம்.

முதற்கண் வித்து என்பது யாது எனக் காண்போம். வித்தினுள் ஓர் இளங்கரு உறங்குகிறது. அது முளைத்து வேரூன்றி, இலைவிட்டுத் தன் உணவைத் தானே ஆக்கத் தொடங்கும்வரை அதற்கு வேண்டிய உணவைத் தாய்மரம் கட்டிக் கொடுத்தனுப்புகிறது. வித்தின் பருப்பு அக்கட்டுச்சோறேயாம். மாப்பொருள், கொழுப்பு, புரதம், கனியுப்புக்கள் ஆகியன அதிற் செறிந்துள்ளன. பழத்தின் சதையோ வேறு நோக்கம் உடையது. பறவையும் விலங்கும் வித்தைத் தொலைவிடங்களுக்குக் காவிச் செல்வதற்கு மரம் கொடுக்கும் கூலி அது. கூலியை இனிப்பாக வைத்த மரம், கட்டுச்சோற்றைப் பிறர் உண்ணாதபடி காவல் செய்தது. ஓடு முதலாவது காவல். ஓட்டை உடைப்பார்க்கும் துளைப்பார்க்கும் எதிராகக் கசப்பு, துவர்ப்பு, காரம், நஞ்சு என்பன இரண்டாவது காவல்.

இவ்விரண்டாவது காவலாக அமையும் இரசாயனப் பொருள்களே இக்கால ஆய்வாளர் கருத்தைப் பெரிதும் கவர்ந்துள்ளவை. அவை பல குலத்தின. மாங்கொட்டையிலும் நாவற்கொட்டையிலும் புளியங்கொட்டைத் தோலிலும் தனின் முதலிய பொலிபீனோல்கள் உள்ளன. வாய்க்குத் துவர்ப்பாய்த் தோன்றுவது இவற்றின் செயலே. இத்தகைய கொட்டையை இரும்புக் கத்தியால் அரிந்தால், தனினும் இரும்பும் கூடிக் கத்தியின் வாய் கறுக்கும். இலுப்பை வித்திலே நீரில் நுரைக்கும் சப்போனின்கள் உள. பலாக்கொட்டையிற் புரதச் சமிபாட்டுக்குரிய நொதியத்தைத் தடுக்கும் பொருளும் லெக்ரின் என்னும் புரதமும் உள. பப்பாசி விதையை மென்றால் எழும் காரம், கடுகின் காரத்துக்கு இனமான சேர்வையொன்றினால் உண்டாவது. அப்பிள், பீச்சு முதலிய மேல்நாட்டுப் பழங்களின் பருப்பை நசுக்கினால், நம் மரவள்ளியிற் போலவே, ஐதரசன் சயனைட்டு என்னும் கொடிய நஞ்சு வெளிப்படும்.

இவற்றுட் பொலிபீனோல்கள் ஒட்சியேற்றத்தைத் தடுக்கவல்லன. எண்ணெய் காறாமற் காப்பதற்கும் இறைச்சி முதலியன விரைவிற் கெடாதிருப்பதற்கும் அவை உதவக்கூடும் என்பது ஆய்வுகூடங்களிற் காட்டப்பட்டுள்ளது. ஆகவே, "நன்மை தரும் பொருள்" என்றும் "நச்சுப்பொருள்" என்றும் நாம் பிரித்துக் கூறுவன தம்முள் முற்றும் வேறான இரு கூட்டங்கள் அல்ல. மரத்துக்குக் காவலாயிருந்த பொருளே அளவாலும் பக்குவத்தாலும் மனிதனுக்கு மருந்தாகவோ உணவாகவோ மாறுகிறது. அளவும் பக்குவமும் தவறின் தீங்காகிறது. பழவித்தைப் பற்றிய ஆராய்ச்சி முழுவதற்கும் இதுவே திறவுகோல். இதனை நாமறிந்த மரங்கள் சிலவற்றைக் கொண்டு விளக்குவோம்.

பனையை முதலிற் கொள்வோம். நுங்கு, பூரான், கிழங்கு என நாம் உண்ணும் மூன்றும் ஒரே வித்தின் மூன்று பருவங்கள் என்பதை உண்பவர் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இளவித்தின் மென்மையான சேமிப்புணவே நுங்கு. வித்து முற்றும்போது அச்சேமிப்புணவு மன்னான் என்னும் கூட்டுவெல்லமாய் இறுகித் தந்தம்போல வன்மையடைகிறது. அதனைக் கடிக்கப் பல்லுக்கு வலியில்லை. கடித்தாலும் செரிக்கும் நொதியம் நம் குடலில் இல்லை. ஆனால் வித்து முளைக்கத் தொடங்கியதும் உள்ளே ஒரு பஞ்சு போன்ற உறுப்பு வளர்ந்து, இறுகிய உணவைக் கரைத்து உறிஞ்சுகிறது. அதுவே பூரான். உறிஞ்சிய உணவு நிலத்தினுட் செல்லும் முளையிலே மாப்பொருளாய்த் திரள்கிறது. அதுவே கிழங்கு. மனிதனால் உண்ண இயலாத கல்லைப் பனையே சில மாதங்களில் மாவாக மாற்றித் தருகிறது. நம் முன்னோர் செய்தது யாதெனில், மணற்பாங்கான நிலத்திற் பாத்தி கட்டி, பனங்கொட்டைகளை அடுக்கி, முளைக்கவிட்டுப் பொறுத்திருந்தமையே. முளைக்கவிடுதலும் ஒருவகைச் சமையல் என்பதை அவர்கள் நொதியம் என்னும் சொல் பிறக்கு முன்னரே கண்டுகொண்டனர். கிழங்கு எடுத்தபின் எஞ்சும் ஊமலும் கரியாயிற்று.

ஆயினும் கிழங்கிலும் காவல் முற்றாக நீங்கிவிடவில்லை. 1971ஆம் ஆண்டில் இலங்கை ஆய்வாளர் சிலர் பனங்கிழங்கு மாவை எலிகளுக்கு ஊட்டி ஆராய்ந்து, அதில் நச்சுத்தன்மை உண்டென வெளியிட்டனர். பின்வந்த ஆய்வுகள் அந்நச்சுப்பொருள் நரம்புத் தொகுதியைத் தாக்குவதையும், தக்க வெப்பத்தால் அது வலுவிழப்பதையும் காட்டின. இச்செய்தி முதலில் யாழ்ப்பாணத்தார்க்கும் வன்னியார்க்கும் வியப்பளித்திருக்கலாம். தலைமுறை தலைமுறையாக உண்டு வந்த உணவன்றோ! எனினும் அவர்கள் உண்டு வந்த முறையை நோக்கினால் வியப்பு நீங்கும். கிழங்கை அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல். அவியாது காயவைத்தது ஒடியல். ஒடியல் மாவை அப்படியே உண்பார் இலர். நீரில் ஊறவிட்டு, கசப்பு நீரை வடித்து, பின்னர் நெடுநேரம் கொதிக்கும் கூழிலோ ஆவியில் வேகும் பிட்டிலோ அதனைச் சேர்த்தனர். நீர் கரையக்கூடியதைக் கொண்டு போயிற்று. வெப்பம் எஞ்சியதை அடக்கியது. கசப்பைப் போக்கச் செய்த வேலை நஞ்சையும் போக்கிற்று. இன்று விரைவு கருதி, ஊறவிடாமலும் வேகவிடாமலும் அம்மாவைப் பயன்படுத்துவோர், பாட்டிமார் கைப்பழக்கத்தில் ஒரு படியை விடுகின்றனர் என்பதை உணர்தல் வேண்டும்.

இனி மாங்கொட்டை. உலகிற் பெருமளவில் வீணாகும் பழவித்து இதுவெனலாம். பழச்சாறும் ஊறுகாயும் செய்யும் தொழிற்சாலைகளின் வாயிலில் இது மலைபோற் குவிகிறது. உலர்ந்த பருப்பிற் பெரும்பகுதி மாப்பொருள். கொழுப்பு ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு முதற் பன்னிரண்டு பங்கு. அக்கொழுப்பிலே ஸ்ரியரிக்கமிலமும் ஒலெயிக்கமிலமும் மிகுந்துள்ளமையால், அது அறையின் வெப்பத்தில் உறைந்தும் வாயின் வெப்பத்தில் உருகியும் நிற்கும். கொக்கோ வெண்ணெயின் சிறப்பியல்பும் இதுவே. எனவே ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் இயற்றிய சொக்கிலேற்றுச் சட்டத்தில், கொக்கோ வெண்ணெயோடு நூற்றுக்கு ஐந்து பங்குவரை சேர்த்தற்கு உரிய ஆறு தாவரக் கொழுப்புக்களுள் மாங்கொட்டைக் கொழுப்பும் ஒன்றாக இடம்பெற்றது. நாம் வேலிக்கப்பால் எறியும் பொருள், செல்வர் நாட்டுப் பிள்ளைகளின் இனிப்புப் பண்டத்திற் சேர்கிறது.

இதே மாங்கொட்டைக்குத் துயரமான வரலாறும் ஒன்றுண்டு. இந்தியாவின் ஒடிசா மாநிலத்து மலைவாழ் மக்கள், நெல் தீர்ந்த மழைக்காலத்தில், சேமித்து வைத்த மாம்பருப்பை நீரில் அலசித் துவர்ப்பு நீக்கி, மாவாக்கிக் கஞ்சி காய்ச்சி உண்பது வழக்கம். 2001ஆம் ஆண்டில் இராயகடா மாவட்டத்துக் காசிப்பூர்ப் பகுதியில் அக்கஞ்சியை உண்ட பலர் இறந்தனர். பட்டினியால் இறந்தனரா, கஞ்சியால் இறந்தனரா என்ற வழக்கு நாடெங்கும் எழுந்தது. 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கந்தமால் மாவட்டத்திலும் இத்தகைய மரணங்கள் நிகழ்ந்தன. மாம்பருப்பு இயல்பிலே கொல்லும் நஞ்சு அன்று; அன்றேல் அம்மக்கள் அதனை உண்ணும் வழக்கமே நிலைத்திராது. ஈரம் நீங்காது சேமித்த பருப்பிற் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சண வகைகள் சில உண்டாக்கும் நஞ்சு சாதாரணக் கொதிப்பினால் அழிவதில்லை. அலசினாலும் அது முற்றும் போவதில்லை. துவர்ப்பை நீக்கும் பக்குவத்தை அறிந்த அம்மக்களிடம், பருப்பைக் காயவைத்து உலர்வாகப் பேணுதற்குரிய வசதி இருக்கவில்லை. வேறு உணவை வாங்கப் பொருளும் இருக்கவில்லை. ஒரே பருப்பு ஓரிடத்தில் இனிப்பாகவும் மற்றோரிடத்தில் எமனாகவும் ஆனதற்குக் காரணம் பருப்பில் இல்லை. அதனைச் சூழ்ந்த வாழ்விலே உள்ளது.

சேமிப்பின் அருமையை உணர்ந்தவர் என்பதற்குச் சிங்கள மக்களின் பலாக்கொட்டை வழக்கம் நல்ல சான்று. பலாக்கொட்டைகளை அவர்கள் உலர்மணலில் இட்டுப் புதைத்து, பஞ்ச மாதங்களுக்கெனப் பேணினர். ஒரு பலாப்பழத்தில் நூறு முதல் ஐந்நூறு வரை கொட்டைகள் இருக்கலாம். மாப்பொருளும் ஓரளவு புரதமும் கொண்ட அவற்றிலே, முன்னர்க் கூறிய நொதியத் தடைப்பொருளும் லெக்ரினும் உள்ளன. நன்கு அவித்தாலும் சுட்டாலும் அவை செயலிழக்கின்றன. பச்சையாக உண்டவனுக்கு வயிற்றுளைவும், அவித்து உண்டவனுக்கு நிறைவும் தரும் இயல்பு இதனாலேயே. அண்மையில், 2017ஆம் ஆண்டில், பிரேசில் நாட்டுச் சான் பாவுலோப் பல்கலைக்கழகத்தார் பலாக்கொட்டையைப் புளிக்கவைத்து, உலர்த்தி, வறுத்தபோது சொக்கிலேற்றின் மணம் பிறப்பதை வெளியிட்டனர். கறியாக மட்டும் நாமறிந்த கொட்டைக்கு இன்னுமொரு வழி திறந்துள்ளது.

புளியங்கொட்டையைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியதில்லை. வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து மென்று மகிழ்வதை வன்னிச் சிறார் நன்கறிவர். அவ்வறிவினுள் விஞ்ஞானம் உள்ளது. தனின் மிகுந்தது செந்தோல்; வறுத்தலால் அது பருப்பினின்றும் கழல்கிறது. பருப்பில் அரைப்பங்குக்கு மேல் சைலோகுளூக்கன் என்னும் பசைப்பொருள். புரதமும் கணிசமாக உண்டு. நெசவாலைகளில் நூலுக்குப் பசையூட்ட இப்பருப்பு மா இந்தியாவிற் பெரிதும் பயன்பட்டது. யப்பானியர் அப்பசையைத் தூய்மையாக்கி, குழம்புகளையும் பனிக்கூழையும் தடிப்பாக்கும் உணவுச்சேர்வையாகக் கொண்டனர். கண்ணீர் வற்றிய கண்களுக்கு இடும் துளிமருந்துகள் சிலவற்றிலும் அது சேர்கிறது. நம் நாட்டிலோ புளியை உருண்டையாக்கி விற்போர் கொட்டையைக் குப்பையிற் கொட்டுகின்றனர்.

காவலை வென்று பெரும்பொருள் ஈட்டிய வித்து ஒன்றுண்டெனின் அது மரமுந்திரிகையாம். அதன் ஓட்டினுள்ளே தோலைச் சுட்டுப் புண்ணாக்கும் எண்ணெய் உள்ளது. நெருப்பிலிட்டுச் சுடும்போது அது சீறியெழுந்து எரிவதை நம்மூர்ச் சிறுவர் அறிவர். சுட்டு, உடைத்து, தோல்நீக்கும் தொழிலைக் கற்றபின்னரே அப்பருப்பு உலகச் சந்தை ஏறியது. இலுப்பை வித்தோ எண்ணெயை விளக்குக்கும் அடுக்களைக்கும் ஈந்தது. சப்போனின் நிறைந்த பிண்ணாக்கை உணவாக்காது, நீராடும்போது எண்ணெய் போக்கத் தேய்த்தனர். உண்ணத்தக்கதையும் தகாததையும் ஒரே வித்தினுள் வேறுபடுத்திய கூர்மை பாராட்டத்தக்கது. பாலைப்பழத்தின் பளபளக்கும் வித்திலும் எண்ணெய் உண்டு. காடு செழித்த வன்னியில் அவ்வித்து ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகும்.

இனி எச்சரிக்கையாகச் சில கூறவேண்டும். நாவற்கொட்டைத் தூள் நீரிழிவைப் போக்கும் என்பது நெடுநாள் நம்பிக்கை. அதில் எலாசிக்கமிலமும் தனினும் உள்ளமை உண்மை. விலங்குகளிற் செய்த ஆய்வுகள் சில ஊக்கமளித்தமையும் உண்மை. ஆனால் பிரேசில் நாட்டு மருத்துவர் நாவலிலைத் தேநீரை நீரிழிவாளர்க்குக் கொடுத்து, மற்றொரு பிரிவினர்க்குப் போலித் தேநீர் கொடுத்து ஒப்பிட்டபோது, நாவலிலையால் இரத்தச் சர்க்கரை குறையவில்லை. ஆய்வுகூடக் குழாயில் ஒன்று நிகழ்ந்தால் நோயாளி உடலிலும் அது நிகழும் என்று முடிவுசெய்தல் தவறு. சந்தையில் விற்கும் கொட்டைத்தூளை நம்பி வைத்தியசாலை மருந்தைக் கைவிடுவார் தம் கண்ணையும் சிறுநீரகத்தையும் பணயம் வைக்கின்றனர். அன்னமுன்னா விதை உணவாகாது. பேன் கொல்ல அதன் தூளைத் தலையிலிட்டுக் கண்ணிற் பட்டுத் துன்புற்றார் உளர். வேப்பம்விதை பூச்சிகளை அகற்றுதற்கு உகந்தது. அதன் எண்ணெயைப் பாலகர்க்குப் பருக்கியதால் விளைந்த கேட்டினை 1981ஆம் ஆண்டில் மலேசிய மருத்துவர் எழுதியுள்ளனர். காவல் வெல்லப்படாத வித்துக்களும் உண்டு என்பதனை மறத்தலாகாது.

மேற்கூறியவற்றால் ஒரு வித்தை உணவாக்கப் புகுவார் நான்கு வினாக்களுக்கு விடை காணவேண்டும் என்பது பெறப்படும். அதிலுள்ள காவற்பொருள் யாது? அது நீரிற் கரைவதா, வெப்பத்தில் அழிவதா, முளைத்தலால் மாறுவதா, தோலோடு கழல்வதா? பக்குவஞ் செய்த பின்னர் எஞ்சும் உணவுச்சத்து உழைப்புக்கு ஈடானதா? அதனைப் பூஞ்சணம் பிடியாது உலர்த்தி வைக்க இயலுமா? இந்நான்கினுள் கடைசியே மக்கள் பெரிதும் மறப்பது. ஒடிசாவில் நேர்ந்த மரணங்கள் நமக்கு அறிவுறுத்துவதும் அதுவே.

வன்னி மக்களுக்கு இவ்வாராய்ச்சி வெறும் நூலறிவு அன்று. 1990களிற் பொருட்டடை நிலவிய காலத்திலே பனையும் காடும் அளித்த உணவு பல குடும்பங்களைத் தாங்கியது. 2008ஆம் 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் மக்கள் வீட்டையும் மாட்டையும் விட்டுச் சென்றனர். மீண்டு வந்தபோது கிணற்றைத் தூர்வாரினர். மரங்களை மீள நட்டனர். ஆனால் பாட்டியின் கைப்பழக்கத்தை மீள நட இயலவில்லை. முகாமில் கோதுமை மாவை உண்டு வளர்ந்த பிள்ளைக்கு ஒடியல் மாவை எத்தனை முறை நீர்மாற்ற வேண்டும் என்பது தெரியாது. இப்பக்குவங்கள் ஏட்டில் இல்லை. முதியோர் கைகளிலே உள்ளன. அம்முதியோரோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

ஆகவே ஆசிரியரும் மாணவரும் செய்யக்கூடிய பணி ஒன்றுண்டு. ஒவ்வொரு பாடசாலையிலும் உயர்வகுப்பு மாணவர் தத்தம் இல்லத்து முதியோரிடம் சென்று, எந்த வித்தை எப்படி ஊறவைத்தனர், எத்துணை நேரம் அவித்தனர், எங்கே பேணினர் என்பவற்றைக் கேட்டு எழுதலாம். விஞ்ஞான அறையில் அயடீன் துளி இட்டுப் பருப்பில் மாப்பொருள் உண்டா என்று காணலாம். இரும்பு உப்புக் கரைசல் இட்டு, எத்தனை முறை நீர்மாற்றினாற் கருமை குறைகிறது என்று அளக்கலாம். எழுதியவற்றையும் அளந்தவற்றையும் ஒப்பிட்டால், எப்பழக்கம் எதற்காக ஏற்பட்டது என்பது புலனாகும். கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிலையமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் அளவிற் பெரிய ஆய்வுகளுக்கு வழிகாட்டலாம். உண்பதற்கான சோதனைகளை மட்டும் பாடசாலையில் நடத்துதல் ஆகாது. உண்ணலாம் எனத் துணிதல் நஞ்சியல் கற்றோர் கடமை.

வித்தினுள் உணவு உண்டு, காவலும் உண்டு. உணவை மாத்திரம் கண்டு மகிழ்வாரும், காவலை மாத்திரம் கண்டு அஞ்சுவாரும் அதன் பயனைப் பெறார். இரண்டையும் அறிந்து பக்குவம் செய்வாரே பெறுவர். அப்பக்குவத்தைக் கற்றவர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தல் நம் தலைமுறையின் பொறுப்பாகும்.